இரண்டு நாளில் பார்க்கிறேன்

ஞாயிற்றுக்கிழமை மதியம், பாப்பிரெட்டிப்பட்டியில் பஸ் நிற்கும் இடத்தில், செத்துப்போன கலைமணி பேசினாள்.

"மொரப்பூர் வண்டி இன்னும் ஐந்து நிமிடத்தில் வரும்."

அமுதவல்லி கைப்பேசியைக் காதோடு வைத்துக்கொண்டாள். குரல் அப்படியே இருந்தது, ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் லேசாகச் சிரிக்கப் போவதுபோல.

'தடம்' என்ற அந்தச் செயலியைத் தொடங்கியவர்கள் மூன்று பேர்: அமுதவல்லி, கூடப் படித்த கலைமணி, கலைமணியின் கணவன் மாதவராஜ். எழுத்துத் தெரியாதவர்களுக்கும் கண் தெரியாதவர்களுக்கும் பஸ் நேரத்தை வாய்விட்டுச் சொல்லும் செயலி அது. யாருக்கும் சம்பளம் கிடையாது. அதன் உள்வேலை முழுவதும் இணையத்தில் திறந்தே கிடக்கும். யார் வேண்டுமானாலும் கோளாறைத் திருத்தி அனுப்பலாம். மூவரில் ஒருவர் பார்த்துச் சேர்த்துக்கொள்வார். குரல் கொடுத்தது கலைமணி. போன வைகாசியில் காய்ச்சலில் விழுந்தவள் நான்காம் நாள் இல்லை.

ஐந்து நிமிடம் போயிற்று. வண்டி வரவில்லை. அடுத்த வண்டியையும் அதே குரல் சொன்னது. அதுவும் வரவில்லை. கரும்புச்சாறு பிழிந்துகொண்டிருந்த பச்சியப்பன் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்.

"ஞாயித்துக்கெழமைல அந்தப் பொண்ணு சொல்றத நம்பாதீங்கம்மா. ஓடாத வண்டிய வருதுங்கும். ஒரு வருசமா எத்தன பேர இங்க காய வெச்சிருக்குது தெரியுங்களா?" மிஷினை நிறுத்தினார். "கொரலு நல்ல கொரலு. அதான் நம்பிப்புடறாங்க."

அமுதவல்லி அவரிடம் வாங்கிய சாற்றைப் பாதியிலேயே வைத்துவிட்டாள்.

ஷேர் ஆட்டோ பிடித்து வீடு வந்ததும் கணினியைத் திறந்தாள். 'பதில் இல்லாதவை: 0' என்று 'தடம்' பக்கத்தின் தலையில் இருந்தது. வாராவாரம் அந்தச் சுழியத்தைப் பார்த்து, எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது என்று மூடிவிடுவாள். அன்று மூடவில்லை. ஞாயிறு என்று போட்டுத் தேடினாள்.

வந்து விழுந்தது. பத்து மாதத்துக்கு முன்பே ஒருத்தி அந்தக் கோளாறைத் திருத்தி அனுப்பியிருக்கிறாள். பெயர் பூவிழி, ஊர் மாரண்டஹள்ளி. கிழமை பார்த்து, ஓடாத வண்டிகளை ஒதுக்கும் சின்னத் திருத்தம். சுத்தமான வேலை. அதன் கீழே பதில்: "வணக்கம்! நீங்கள் வந்ததில் ரொம்ப சந்தோஷம். இரண்டு நாளில் பார்க்கிறேன். – கலைமணி."

அமுதவல்லி தேதியை மறுபடி பார்த்தாள். கலைமணி போனபின் வந்த தேதி. பிறகுதான் நினைவு வந்தது. புதிதாக வருகிறவர் முகம் வாடக்கூடாது என்று, எது வந்தாலும் இந்த வரி தானாகப் போகும்படி செய்துவைத்தவள் கலைமணிதான். உயிரோடு இருந்தவரை இரண்டாம் நாள் பார்த்தும்விடுவாள். அவள் போனபின் அதை நிறுத்த வேண்டாம் என்று மாதவராஜ் கேட்டுக்கொண்டார். அது ஒன்றாவது பேசிக்கொண்டிருக்கட்டும் என்றார். அமுதவல்லிக்கும் மனசு வரவில்லை. அந்த வரியையும் இயந்திரம் பதில் என்றே கணக்கில் வைக்கும் என்பது இருவருக்கும் உறைக்கவில்லை.

பட்டியலை மொத்தமாகத் திறந்தாள். நாற்பத்தொரு பேர். ஒவ்வொருவர் கீழேயும் கலைமணி.

பூவிழி மட்டும் ஒன்பது முறை வந்திருந்தாள். மூன்றாவதில், அக்கா நேரமிருக்கும்போது பாருங்கள் என்று எழுதியிருந்தாள். ஆறாவதில், நான் பத்தாவதோடு நின்றவள், தப்பிருந்தால் திட்டுங்கள், கற்றுக்கொள்கிறேன் என்று. ஒன்பதாவதில் திருத்தம் எதுவும் இல்லை. "இனி தொந்தரவு செய்ய மாட்டேன் அக்கா" என்று மட்டும் இருந்தது. அதன் கீழேயும் கலைமணி சந்தோஷப்பட்டிருந்தாள்.

மாதவராஜைக் கூப்பிட்டாள். அந்த வரியை நிறுத்தும் அதிகாரம் அவர் கையில்தான் இருந்தது. நடந்ததைச் சொல்லி, அதை நிறுத்திவிடச் சொன்னாள்.

"இன்னிக்கேவாங்க?"

"அவ யாரயும் இப்படிக் காக்க வெச்சதில்லைங்கண்ணா."

அரைமணி நேரம் கழித்து அவரிடமிருந்து ஒரு வரி வந்தது: நிறுத்திவிட்டேன். அமுதவல்லி நாற்பத்தொரு பேருக்கும் தனித்தனியாக எழுத உட்கார்ந்தாள். முதலில் பூவிழிக்கு. தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு, திருத்தம் பிரமாதம் என்று சொல்லி, தன் எண்ணையும் கொடுத்தாள். கலைமணியைப் பற்றி எழுதக் கை வரவில்லை.

மறுநாள் சாயங்காலம் அழைப்பு வந்தது. பின்னால் தையல் மிஷின்களின் இரைச்சல். பூவிழி தயங்கித் தயங்கித்தான் பேசினாள். முதல் கேள்வியே அதுதான்.

"கலைமணியக்கா நல்லா இருக்காங்களா?"

அமுதவல்லி சொன்னாள். எந்த மாதம் என்பதையும் சொன்னாள். பூவிழி மாதங்களை எண்ணியிருக்க வேண்டும்.

"அப்ப எனக்கு யாருங்கக்கா பதில் சொன்னது?"

"யாரும் சொல்லல கண்ணு. நாங்க அவ பேர வெச்சுக்கிட்டு சும்மா இருந்துட்டோம். தப்பு எங்களது."

பூவிழி அழுதாளா என்று தெரியவில்லை. ரோசம்மாள் மேஸ்திரி பார்க்கிறாங்க, வைக்கிறேன் என்றாள். வைக்கும் முன் ஒன்று கேட்டாள்: "அந்தத் திருத்தத்த இப்ப சேப்பீங்களா?"

அன்றே சேர்த்தாள்.

அடுத்த ஞாயிறு, வேலை எதுவும் இல்லாமலே, அமுதவல்லி பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போய் நின்றாள். பச்சியப்பன் மிஷினை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்தார். அவள் திரையைத் தொட்டாள்.

"மொரப்பூர் வண்டி இன்று இல்லை."

குரல் கொடுத்த அன்றைக்கு, எதற்கும் இருக்கட்டும் என்று கலைமணி பேசிவைத்த சொல் அது. இதுவரை யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. அமுதவல்லி கேட்டதும் இல்லை. அந்த 'இல்லை'யின் முடிவில் சிரிப்பு இல்லை.

"இப்பத்தான் நெசம் பேசுது," என்றார் பச்சியப்பன்.

கைப்பேசி லேசாக அதிர்ந்தது. 'பதில் இல்லாதவை: 1.' கடத்தூரிலிருந்து காளியப்பன் என்று யாரோ புதியவர். கீழே வெறுமையாக இருந்தது. அமுதவல்லி நிழலுக்கு நகர்ந்து நின்று, தன் பெயரில் எழுத ஆரம்பித்தாள்.