தேநீர்க்கடையில் வாசிக்கப்பட்டவள்

1

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. போன குளிர்காலத்தில், கடுகுக்கீரைக்கு உப்புப் போட்டு ஜாடியில் அமுக்கிக்கொண்டிருந்த என் கணவரின் அத்தை, பேச்சுவாக்கில் ஒரு வாக்கியத்தை நழுவவிட்டார்.

“நம்ம வீட்டுக்கு வாழ வந்த ஒருத்திய டீக்கடையில வச்சு வாசிச்சுட்டாங்கல்ல, அதுக்கப்புறம் இந்த வீட்டு ஆம்பளைங்க எவனும் கவிதை எழுதல.”

“யாரை? என்ன வாசிச்சாங்க?”

“எனக்கென்ன தெரியும், நான் பொறக்கறதுக்கு முந்தி. அந்தக் கல்லை எடு.”

ஜாடிமேல் வைக்கும் கல்லை எடுத்துக் கொடுத்தேன். துருவித் துருவிக் கேட்டதில் இன்னும் சில துணுக்குகள் தேறின. கணவன் பீக்கிங்கில் பத்திரிகை வேலையில் இருந்தான். மனைவியின் கால் சம்பந்தப்பட்ட ஏதோ ஒரு விஷயம். வாசித்தவர் ஒரு வாத்தியார். மிச்சமெல்லாம் நான் கட்டியது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் சண்டைக்கு வரக்கூடாது.

நான் சீனத்தின் இந்த ஹுய்சோவ் மலையூருக்கு மருமகளாக வந்து வெகுகாலம் ஆகிறது. தெங் குடும்பத்துப் பேச்சு எனக்குக் கனவில்கூட வருகிறது. ஆனால் எழுதுவது தமிழில்தான். இந்த வீட்டில் அதை யாராலும் படிக்க முடியாது என்பது எனக்கு வசதியா அல்லது

[இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.]

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: “1919ஆம் ஆண்டு பீக்கிங்கில், ஜன்னலுக்கு வெளியே பனி மெல்ல விழுந்துகொண்டிருந்தபோது, தெங் யூபோ…”

இல்லை. ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்தால் எழுதுகிறவருக்கு வேறொன்றும் தோன்றவில்லை என்று அர்த்தம். மறுபடி.

தெங் யூபோ கோபமாக இருந்தான். வயது முப்பது. பீக்கிங்கில் ஒரு மாதப் பத்திரிகையின் ஆசிரியர் குழுவில் இருந்தான். அவன் கோபமெல்லாம் பழைய இலக்கிய மொழியின்மேல். காலங்காலமாக அந்த நாட்டில் எழுதுவது ஒரு மொழி, பேசுவது வேறு மொழி. எழுதியதை யாரும் பேசுவதில்லை. பேசுவதை எழுதினால் படித்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். [தமிழ் வாசகருக்கு இதை விளக்குவது அதிகப்பிரசங்கித்தனம். நமக்கும் இந்தப் பஞ்சாயத்து உண்டு. இந்த வரியை எழுதியிருக்கும் தமிழில் நானே யாரிடமும் பேசியதில்லை.]

‘செத்த மொழியைப் புதைப்போம், வண்டிக்காரனுக்கும் துணி துவைப்பவளுக்கும் புரிவதே இலக்கியம்’ என்று யூபோ நீளமாக ஓர் அறைகூவல் எழுதினான். அறையைப் பகிர்ந்துகொண்டிருந்த சக ஆசிரியன் ஃபாங் அதைப் படித்துவிட்டுச் சிரித்ததில் தேநீர் புரையேறியது.

“ஏம்ப்பா, செத்த மொழியப் பொதைக்கணும்னு செத்த மொழியிலயே எழுதியிருக்கியே. இது எந்த வண்டிக்காரனுக்குடா புரியும்?”

“வேற எதுல எழுதச் சொல்ற? பேனாவ எடுத்தா கை அப்படித்தான் போவுது.”

“அப்ப மொதல்ல உன் கையப் பொதை.”

யூபோவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஃபாங் விடவில்லை. “கட்டுரை எவன் வேணா எழுதுவான். நீ ஒரு கவிதை எழுது. நெசமா உனக்குப் பட்டது ஒண்ண, வாயில வர்ற மாதிரியே எழுது பாப்போம்.”

நிஜமாகப் பட்டது எது என்று யோசித்தால் யூபோவுக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது: சாய்பிங். நான்கு வருடமாக ஊரில் அவன் அம்மாவோடு இருக்கும் மனைவி. எழுத உட்கார்ந்தால் பழைய கவிதைகளின் பச்சைமணித் தோளும் நிலவில் நனைந்த கூந்தலும் வரிசைகட்டி வந்தன. சாய்பிங்குக்கு ஏது பச்சைமணித் தோள்? தையல் வேலைக்குக் குனிந்து குனிந்து ஒரு பக்கம் இறங்கிய தோள். குறட்டை விடுவாள், கேட்டால் சத்தியம் செய்து மறுப்பாள். தாள் தாளாகக் கிழித்துப்போட்டு, கடைசியில் எழுதினான்:

*சாய்பிங், இங்க அடுப்பு இருக்கு, ஆனாலும் குளிருது.*
*கால்கட்ட அவுத்து, ஐஸா இருக்கற பாதம் ரெண்டையும்*
*என் வயித்து மேல வச்சு, ‘கொஞ்சம் பொறுத்துக்குங்க’ம்ப.*
*பொறுத்துக்கிட்டேன். இப்ப பொறுத்துக்க ஒண்ணுமில்ல.*

இன்னும் கொஞ்சம் வரிகள் உண்டு. எழுதி முடித்ததும் யூபோ அழுதான். நான்கு வருடத்தில் அவளை இவ்வளவு பக்கத்தில் அவன் உணர்ந்ததே இல்லை. ஃபாங் தாளை எடுத்துக்கொண்டுபோய் அச்சுக்குக் கொடுத்துவிட்டான்.

இரண்டு மேதாவிகளும் ஒன்றை யோசிக்கவில்லை. பழைய கவிதைகளில் எத்தனையோ ஆண்கள் மனைவியை நினைத்து ஏங்கியிருக்கிறார்கள். யாருடையது என்றே தெரியாத ஒரு தோள் எந்த ஊர் என்றே தெரியாத நிலவில் நனையும், அவ்வளவுதான். அந்த மொழிக்குள் எந்தப் பெண்ணும் பத்திரமாக இருந்தாள். ஆனால் அன்றைய வழக்கப்படி பெண்களின் பாதத்தைச் சிறுவயதிலேயே துணியால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள்; கட்டை அவிழ்த்த பாதத்தைக் கணவனைத் தவிர வேறு ஆண் பார்க்க முடியாது. கல்யாணமானவளின் பெயர்கூட வாசலைத் தாண்டாது. யூபோ இரண்டையும் அச்சில் ஏற்றிவிட்டான்.

3

இனி பீக்கிங் வேண்டாம். சாய்பிங் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

எங்கள் ஊர் ஆண்கள் வெளியூர் போய்ப் பிழைப்பவர்கள். பெண்கள் காத்திருப்பவர்கள். நன்றாகக் காத்திருந்து விதவையாகச் செத்தவர்களுக்குக் கல்லில் வளைவு கட்டி வைத்திருக்கிறோம். பேருந்து நிலையத்துக்குப் போகும் வழியிலேயே இரண்டு நிற்கின்றன.

யூபோவின் கடிதங்கள் அம்மாவுக்கு வரும். அவனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த குவோ வாத்தியார் வீட்டுக்கே வந்து, பழைய மொழியை ராகம் போட்டுப் படித்து, பிறகு ஊர்ப் பேச்சில் பொருள் சொல்வார். கடைசியில் ‘இல்லத்தாளும் நலமென நம்புகிறேன்’ என்று வரும். “உன்னையும் கேட்டிருக்கான்” என்பார் வாத்தியார், அடுப்படிப் பக்கம் திரும்பி. கதவுக்குப் பின்னால் நிற்கும் சாய்பிங் அந்த ‘உன்னையும்’ என்ற ஒன்றை வைத்துக்கொண்டு மாதத்தை ஓட்டுவாள்.

பத்திரிகை ஒரு தேயிலை வியாபாரியின் மூட்டையில் ஊருக்கு வந்தது. தன்னிடம் படித்தவன் தன் மொழியைப் புதைக்கப் பார்க்கிறான் என்று குவோ வாத்தியார் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தார். பத்திரிகையைப் பிடுங்கிக்கொண்டு நேராகத் தேநீர்க்கடைக்குப் போனார். ஊர் முன்னால் மானத்தை வாங்கவேண்டும்.

“பீக்கிங் போயி நம்ம தெங் வீட்டுப் பையன் கிழிச்சிருக்கற லட்சணத்தக் கேளுங்க. இதுக்குப் பேரு கவிதையாம்.”

வழக்கமாக அவர் படித்தால் கடையில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். பொருள் சொல்லும்போது தட்டி எழுப்ப வேண்டும். அன்றைக்கு ஒருவரும் தூங்கவில்லை. [பீக்கிங் பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சு இல்லைதான். ஆனால் குளிர், பாதம், வயிறு என்றால் யாருக்குத்தான் புரியாது?] பாதம் வயிற்றுக்குப் போகும் இடத்தில் வாத்தியாருக்கே குரல் உள்ளே போய்விட்டது.

“நிறுத்தாதீங்க வாத்தியாரே” என்றான் கறிக்கடை ஷென்.

“இதுல… இதுல பொருள் சொல்ல ஒண்ணுமில்ல.”

“பொருள் யாருக்கு வேணும்? அதான் புரிஞ்சுபோச்சே. மேல படிங்க.”

“ஆமா, சாய்பிங்னா யாரு?” என்று ஒரு கிழவர் கேட்டார்.

“தெங் வீட்டு மருமவதான், வேற யாரு.”

“அட, அந்தப் பொண்ணுக்குப் பேரெல்லாம் இருக்கா.”

கடைசிவரை படித்தார். பிறகு, யாரும் கேட்காமலே, முதலிலிருந்து இன்னொரு முறை படித்தார். இரண்டாவது முறை அவர் குரலில் கேலி இல்லை. [இதை அத்தை சொல்லவில்லை. வாத்தியாருக்காக நானே சேர்த்தேன்.]

எழுத்து இருக்கும் தாளை அந்தக் காலத்தில் யாரும் தரையில் போடமாட்டார்கள், பொட்டலம் கட்டமாட்டார்கள். கோவிலுக்குப் பக்கத்தில் அதற்கென்றே இருந்த உலையில் மரியாதையாக எரிப்பார்கள். வாத்தியார் பத்திரிகையை அங்கேதான் கொண்டுபோனார். எவ்வளவு கேவலமாக எழுதியிருந்தாலும் எழுத்து எழுத்துதானே. ஊரிலிருந்த ஒரே பிரதி அன்றே சாம்பலானது.

மறுநாள் ஆற்றங்கரையில் கறிக்கடைக்காரன் மனைவி குரல் கொடுத்தாள். “என்ன சாய்பிங், தண்ணி ஜில்லுன்னு இருக்கா? வயித்தக் கொஞ்சம் அனுப்பி வைக்கச் சொல்லி பீக்கிங்குக்கு எழுதட்டுமா?”

கரை முழுக்கச் சிரித்தது. சாய்பிங்குக்கு ஒன்றும் விளங்கவில்லை. தன் பெயரை இவள் எப்படித் தெரிந்துகொண்டாள் என்பதுதான் முதலில் திக்கென்றது. விஷயம் முழுதாகப் புரிந்ததும் நனைந்த துணியை அப்படியே அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

சாப்பாடு முடிந்ததும் மாமியார் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டுச் சொன்னாள்: “அம்மா ஒடம்பு எப்படின்னு ஒரு வரி எழுதறதுக்கு அவனுக்கு மூக்கால அழுகை வருது. தன் வயித்தப் பத்தி மட்டும் ஊருக்கே எழுதறான். நீ இனி ஆத்துக்குப் போவாத.”

4

இந்த இடத்தில் ஒரு மாதம் நின்றுவிட்டேன்.

முதல் வரைவில் சாய்பிங்கை ஆற்றில் தள்ளினேன். இந்த மாதிரிக் கதைகளில் மருமகள்கள் தண்ணீரில் விழுவது வழக்கம், எழுதுகிறவருக்கும் வேலை சுலபம். படித்துப் பார்த்தபோது எனக்கே அருவருப்பாக இருந்தது. வெளியே எடுத்துத் துவட்டி உட்காரவைத்தேன். இரண்டாவது வரைவில் அவள் எழுத்துக் கற்றுக்கொண்டு பதில் கவிதை எழுதி… சரி, விடுங்கள். யாரை ஏமாற்ற?

நான் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்து என் கணவர் கேட்டார். “என்ன எழுதுற?”

“உங்க வீட்டுக் கதைதான்.”

“நான் வர்றேனா அதுல?”

“இல்ல.”

பொய். நான் அவரைப் பற்றி எழுதியதெல்லாம் தமிழில் கத்தை கத்தையாக அலமாரியில் இருக்கிறது. அவர் அதன் பக்கத்தில் உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிடுகிறார். எத்தனையோ முறை படித்துக் காட்டலாமா என்று ஆசை வந்திருக்கிறது. மொழிபெயர்த்தால் அது வேறு யாரோ பேசுவதுபோல் ஆகிவிடும் என்று விட்டுவிடுவேன். உண்மையில் பயம்தான்.

அப்போதுதான் சாய்பிங் எனக்குப் பிடிபட்டாள். நான் அவளுடைய அவமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு வேண்டியதோ வேறு. யூபோ அவளிடம் முதன்முதலாகப் பேசியிருக்கிறான். அம்மாவுக்கு இல்லை, ‘உன்னையும்’ இல்லை, அவளிடம் மட்டும். அதை ஊரே கேட்டுவிட்டது. தேநீர்க்கடைக்குள் பெண்கள் போவதில்லை, தாளும் எரிந்துவிட்டது. முழுதாகக் கேட்காதவள் ஊரில் அவள் ஒருத்திதான்.

5

வருடப் பிறப்புக்கு யூபோ ஊருக்கு வந்தான். அக்கரையில் படகேறும்போதே படகுக்காரன் பல்லைக் காட்டினான்.

“வாங்க தம்பி. வயிறு சௌக்கியமா?”

யூபோ ஒன்றும் புரியாமல் விழித்தான். படகுக்காரன் துடுப்பைத் தள்ளியபடியே முதல் நாலு வரியையும் தப்பில்லாமல் ஒப்பித்தான். எழுதப் படிக்கத் தெரியாத படகுக்காரன். பீக்கிங்கில் எத்தனை கூட்டம் போட்டு, எத்தனை பக்கம் எழுதி யூபோ கேட்டது இதைத்தான். கேட்டது கிடைத்தபோது அவனுக்கு ஆற்றில் குதித்துவிடலாம் போலிருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அதை மறைப்பானேன்.

மறுநாள் பிற்பகல் மாமியார் வேண்டுமென்றே பக்கத்து வீட்டுக்கு ஆவிச்சட்டி இரவல் வாங்கப் போனாள். [‘வேண்டுமென்றே’ என்பது என் சரக்கு. அந்த அம்மாளும் ஒருத்தனுக்காகப் பாதி ஆயுள் காத்திருந்தவள்தான்.] சாய்பிங் அடுப்படியில் பண்டிகைக்கு அரிசிமாவு சலித்துக்கொண்டிருந்தாள். யூபோ நிலைப்படியில் நின்றான்.

“ஒன்ன அவமானப்படுத்தணும்னு எழுதல.”

“தெரியும்.”

“யோசிக்காம அச்சுக்குக் குடுத்துட்டோம். இனிமே எழுதமாட்டேன்.”

“அத யாரு கேட்டா?” சல்லடையை ஒரு தட்டுத் தட்டினாள். “படகுக்காரனுக்குத் தெரியுது. கறிக்கடைக்காரி நடிச்சே காட்டுறா. அத்தைக்குக்கூட யாரோ வந்து ஒப்பிச்சிருக்காங்க. எனக்குத்தான் யாரும் சொல்லல.”

“எதுவுமே தெரியாதா?”

“ஒண்ணுமில்லன்னு ஒரு எடம் வருதுல்ல, அதுவரைக்கும் தெரியும். அதுக்கப்புறம் இன்னும் இருக்காம். அங்க வந்ததும் எல்லாரும் என் மூஞ்சியப் பாத்துட்டு நிறுத்திடறாங்க.” அவள் நிமிர்ந்து பார்த்தாள். “மிச்சத்தச் சொல்லுங்க.”

யூபோ வாயைத் திறந்தான். கூட்டங்களில் மேசையைக் குத்திப் பேசிய வாய். அதிலிருந்து வந்தது இதுதான்:

“தண்பனி முற்றத்துத் தனிநிலாக் காயத் தமியேன் நெஞ்சம்…”

சாய்பிங் பொறுமையாகக் கேட்டாள்.

“இது வாத்தியார் படிக்கறது மாதிரி இருக்கு. நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல நான் இல்ல.”

6

மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்றில் மாமியார் ஆவிச்சட்டியோடு திரும்பிவிடுகிறாள், யூபோ பண்டிகை முடிந்து பீக்கிங் போகிறான், சாய்பிங் பாதிக் கவிதையோடு கிழவியாகிறாள். நடந்தது அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். இதை எழுதிய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாவதில் அவளும் பீக்கிங் போகிறாள். ரயில் புகை, புது வாழ்வு, இன்னபிற. எனக்கே நம்பிக்கை வரவில்லை.

மூன்றாவதில் அவன் சொல்கிறான். பீக்கிங் பேச்சில் இல்லை, புத்தகத்து மொழியில் இல்லை. சின்ன வயதில் அம்மாவிடம் பேசிய, எழுதவே வழியில்லாத எங்கள் மலைப் பேச்சில், திக்கித் திக்கி, ஒவ்வொரு வரியாக. அவன் என்னென்ன சொன்னான், அவள் முகம் எப்படி ஆனது எல்லாவற்றையும் எழுதினேன். நன்றாக வந்திருந்தது. நான் எழுதியதிலேயே நல்ல பக்கம் அதுதான் என்று நினைக்கிறேன்.

இங்கே சேர்க்கலாம் என்று எடுத்தபோதுதான் கை நின்றது. அந்த வரிகள் அவளுக்கு. இதைச் சேர்த்தால் நான்தான் குவோ வாத்தியார், நீங்கள்தான் தேநீர்க்கடை. ‘நிறுத்தாதீங்க, மேல படிங்க’ என்று உங்களுக்கும் தோன்றும். எனக்கும் தோன்றுகிறது. ஆனால் ஒரு முறையாவது அவள் முதலில் கேட்கட்டும்.

யூபோ நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்து, மாவுக்கூடைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்கிறான். தொண்டையைச் செருமுகிறான். சாய்பிங் சல்லடையைக் கீழே வைக்கிறாள்.

வாருங்கள், நாம் எழுந்து போகலாம்.