லவோன் முடிச்சுப் போட எவ்வளவு வெளிச்சம் வேண்டும்

1.

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை, ஒட்டுக்கேட்டது. வாசற்படிப் பனியில் தூவுவதற்கு ஒரு மூட்டை உப்பு வாங்கலாம் என்று எங்கள் ஊர்த் தூண்டில் கடைக்குப் போயிருந்தேன். வட மினசோட்டாவில் தூண்டில் கடை என்றால் உப்பு, புழு, காபி, ஊர்வம்பு நாலும் ஒரே கல்லாவில் கிடைக்கும். அன்று விளக்கு அலமாரியின் முன்னால் எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் நின்றுகொண்டு கடைக்காரம்மாவின் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்.

"பச்சை எடுத்துக்கோங்க. மீனுக்குப் பச்சைன்னா உசுரு."

"மீன் கெடக்குது. எந்த வெளிச்சத்துல முடிச்சு நல்லாத் தெரியும்? அதச் சொல்லும்மா."

"முடிச்சா? முடிச்சையெல்லாம் மீன் பாக்காதுங்க."

"மீன் பாக்க வேணாம். என் வீட்டுல…"

அவ்வளவுதான். வாக்கியத்தை அப்படியே விழுங்கிவிட்டார். சிவப்பு, பச்சை, வெள்ளை மூன்றையும் கூடையில் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் உப்பை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். மறுநாள் காலை வழுக்கி விழுந்தது தனிக்கதை. விழுங்கப்பட்ட அந்த வாக்கியத்தின் மீதியை எழுதிப் பார்ப்பதுதான் இனி வருவது எல்லாம்.

2.

தொடக்கங்கள்:

"உறைந்த ஏரியின் மீது முழுநிலவு தன் வெள்ளிக் கதிர்களை" (அடித்துவிட்டேன். கதை நடப்பது பிற்பகலில். நிலவுக்கு இங்கே வேலை இல்லை.)

"ஆதிகாலம் தொட்டே மனிதன் இருளுக்கு அஞ்சி" (பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டிக்கு அனுப்பலாம்.)

"ஹார்லன் ஸ்டென்ஸ்ருட் ஒரு" (கடையில் நின்ற அதே பெரியவர்தான். ஒரு என்ன? ஓய்வுபெற்ற சாலைப் பராமரிப்பு ஊழியர் என்று போட்டேன். உண்மைதான். அதனால் என்ன என்று கேட்டால் பதில் இல்லை.)

சரி, நேராகவே சொல்கிறேன். ஜனவரி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, ஹார்லன், உறைந்த ஏரியில் துளை போட்டு உட்கார்ந்து மீன்பிடிக்கும் கூடாரத்தைத் தன் வீட்டு முன்னறையில் விரித்தார். குடையைப் போல டப்பென்று விரிகிற ரகம். நாலு பேர் உட்காரலாம். சோபாவை ஒருபக்கம் ஒதுக்கி, தொலைக்காட்சியைச் சுவரோடு திருப்பி வைத்தும் அறை முழுவதையும் அது அடைத்துக்கொண்டது. இனி அடுக்களையிலிருந்து படுக்கையறைக்குப் போக வேண்டுமானால் கூடாரத்தின் ஒரு கதவு வழியாக நுழைந்து மறு கதவு வழியாக வெளியேற வேண்டும்.

மனைவி லவோன் காபிக் கோப்பையோடு நுழைந்தாள்.

"ஷெட்டுல விரிக்கக் கூடாதா?"

"விளக்கு ஒட்டணும். குளிர்ல பசை ஒட்டாது."

"ஏரியில மட்டும் குளிரடிக்காதா?"

"ஒருவாட்டி ஒட்டிட்டா அப்புறம் பிடிச்சுக்கும்."

"ம்," என்று சொல்லிவிட்டு மறு கதவு வழியாக வெளியேறினாள். இந்த ஊரில் "ம்" என்பது ஒரு முழுப் பத்தி.

[நடுவே ஒரு சங்கடம். நாற்பத்தாறு வருடம் குடித்தனம் நடத்திய மனைவி கணவனை நீ என்பதா, நீங்க என்பதா? முதல் வரைவில் நீங்க என்று எழுதினேன். படித்துப் பார்த்தால், அவள் கோபமாக இருக்கிறாள் என்று ஹார்லன் பயந்துபோவார் போலிருந்தது. நீ என்றே இருக்கட்டும். அடுத்தவரிடம் பேசும்போது மட்டும் "அவரு".]

3.

என்ன சங்கதி என்பதை ஒளித்துவைத்துக் கடைசியில் எடுத்துக் காட்டும் வித்தை எனக்கு வராது. அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முப்பத்தெட்டுக் குளிர்காலமாக சனிக்கிழமைதோறும் இருவரும் மூன்று துடுப்பு ஏரிக்குப் போகிறார்கள். பனியில் துளை போடுவது ஹார்லன். நூலில் தூண்டிலை முடிவது லவோன். ஹார்லனின் விரல்கள் வாழைக்காய் தடிமன். அவர் போடும் முடிச்சைப் பார்த்தால் மீனே சிரிக்கும்.

போன வருடம் லவோனுக்குக் கிட்டப் பார்வை மங்கியது. தூரத்தில் எல்லாம் தெரியும். தேவாலயத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து முதல் வரிசைக்காரியின் ரவிக்கையில் பிய்ந்த பொத்தானைக் கண்டுபிடித்துவிடுவாள். கையிலிருக்கும் நூல்தான் தெரிவதில்லை. கண்ணாடி போட்டால் கூடாரத்துக்குள் மூச்சுப் பட்டு அது வெண்ணிறமாகிவிடும். கூடாரமோ உள்ளே கறுப்புத் துணி. நடுப்பகலிலும் கிணற்றுக்குள் இருப்பது போல இருட்டு.

பிப்ரவரியில் வரிசையாக மூன்று மீன்கள் தப்பின. நூல் மேலே வந்தபோது நுனி பன்றிவால் மாதிரி சுருண்டிருந்தது. நூல் அறுந்தால் நுனி நேராக இருக்கும். முடிச்சு உருவிக்கொண்டால்தான் சுருளும். இது இங்கே நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். ஹார்லன் சுருளைச் சட்டென்று கடித்துத் துப்பிவிட்டு, "பெரிய மீனு. நூலையே அறுத்துருச்சு பாரு," என்றார். அதற்குப் பிறகு, லவோன் முடிந்து கொடுத்த ஒவ்வொரு தூண்டிலையும் முதுகைத் திருப்பிக்கொண்டு அவிழ்த்து, தன் வாழைக்காய் விரல்களால் மறுபடி முடிந்தார்.

கூடாரத்தின் அகலம் எட்டடி. லவோனுக்கு எட்டடித் தூரத்தில் எறும்பு தெரியும்.

 இந்தக் குளிர்காலம் வந்ததும், "நீ போயிட்டு வா, எனக்கு வீட்டுல வேலை இருக்கு," என்றாள். ஐந்து சனிக்கிழமைகள் ஹார்லன் தனியாகத் துளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு அவள் வேண்டும். அதை வாயால் சொல்லும் பழக்கம் அவர் பரம்பரையிலேயே இல்லை. அதனால் விளக்கு வாங்கினார்.

4.

இங்கே டெல்மர் வருகிறார். லவோனின் அண்ணன். வயது எழுபத்தாறு. எல்லாவற்றிலும் அபிப்பிராயம் உள்ளவர்.

(டெல்மர் தேவையா என்று எனக்குச் சந்தேகம். சிரிப்புக்காகக் கொண்டுவந்தேன். இப்போது சோபாவில் உட்கார்ந்துவிட்டார், எழுந்திருக்க மாட்டேன் என்கிறார். இன்னும் ஒரு பக்கம் பார்ப்போம்.)

வியாழக்கிழமை அவர் உள்ளே தலையை நீட்டியபோது, ஹார்லன் கூடாரத்துக்குள் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, பழைய மூக்குக்கண்ணாடியில் எதையோ அப்பிக்கொண்டு, தூண்டில் கண்ணில் நூலைக் கோக்க முயன்றுகொண்டிருந்தார்.

"மாப்ள, என்ன பண்றே?"

"பாத்தா தெரியலயா?"

"தெரியுது. உனக்குத்தான் தெரியுதான்னு சந்தேகமா இருக்கு. கண்ணாடில என்ன, வெண்ணெயா?"

"வாசலின்."

டெல்மர் அடுக்களைப் பக்கம் திரும்பினார். "தங்கச்சி! மாப்ளய சமீபத்துல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனியா?"

"அவருக்கு பொழுது போகணும்ல, விடுண்ணே," என்று பாத்திரச் சத்தத்துக்கு நடுவே பதில் வந்தது.

லவோனின் கண்ணுக்கு உலகம் எப்படித் தெரிகிறது என்று அவளிடம் கேட்க முடியாது. கேட்டால், அவளுக்குத் தெரியவில்லை என்பது தனக்குத் தெரிந்துவிட்டதாகிவிடும். அதனால் தானே அவள் கண்ணைச் செய்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார் அந்த மனிதர். இந்த இடத்தில் எனக்கு ஹார்லனை ரொம்பப் பிடித்துவிட்டது. எழுதுகிறவன் அப்படிச் சொல்லக்கூடாதுதான்.

"செவப்பு போடு மாப்ள. செவப்பு மீன் கண்ணுக்குத் தெரியாது. எங்கப்பா காலத்துலருந்து…"

"உங்கப்பா காலத்துல மண்ணெண்ணெய் விளக்கு மச்சான்."

சிவப்பைப் போட்டார்கள். அந்த வெளிச்சத்தில் சிவப்புத் தூண்டில் காணாமல் போய்விட்டது. மடியில் கிடந்ததைக் கால்மணி நேரம் தேடினார்கள். பச்சையைப் போட்டதும் டெல்மர் இரண்டாம் நாள் பிணம் போலத் தெரிந்தார். கூரையில் வெள்ளையைப் போட்டபோது வெளிச்சம் பிரமாதம், ஆனால் குனிந்தால் சொந்தத் தலையின் நிழலே கையில் விழுந்தது. கடைசியில் வெள்ளைப் பட்டையை இரண்டு தோள்களுக்கும் பின்னால் வரும்படி வைத்துப் பார்த்தார் ஹார்லன். வாசலினுக்கு நடுவிலும் நூல் தெரிந்தது. முதல் தடவையே கோத்துவிட்டார். துளைக்கு மேலே மட்டும் சின்னதாக ஒரு சிவப்பு, மச்சான் மனது நோகாமல் இருக்க.

பிறகு சட்டம் சட்டமாகப் பசை தடவி, கூடாரத்தைச் சுற்றிலும் விளக்குப் பட்டையை ஒட்டி, போதாதென்று நாற்பது பிளாஸ்டிக் கட்டுகளையும் போட்டு இறுக்கினார். கல்யாண மண்டபம் மாதிரி ஜொலித்தது.

5.

வெள்ளிக்கிழமை கூடாரத்தை மடக்கப் போனார்கள்.

மடக்க வேண்டுமானால் ஒவ்வொரு சுவரின் நடுப்பகுதியையும் உள்ளே தள்ள வேண்டும். ஹார்லன் பட்டையை ஒட்டியிருந்தது சரியாக அந்த நடுப்பகுதிகளின் மேல், விறைப்பாக. தள்ளினால் பட்டை அறும். தள்ளாவிட்டால் கூடாரம் வாசலில் நுழையாது. எங்கேயும் தூக்கிக்கொண்டு போகலாம் என்று அட்டையில் போட்டிருந்த பொருளை முன்னறையில் வீடாகக் கட்டிவிட்டார்.

(இதை நம்பாதவர்கள் எங்கள் ஊருக்கு ஜனவரியில் வாருங்கள். வெதுவெதுப்பில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது. வெளியே சொல்ல மாட்டார்கள்.)

"சுவத்த இடிச்சிரலாமா?" என்றார் டெல்மர்.

ஹார்லன் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். நாளைக்குச் சனிக்கிழமை. ஆறாவது சனிக்கிழமை.

லவோன் வந்து நின்று சுற்றிலும் பார்த்தாள். "மூணு நாளா சொல்லலாமா வேண்டாமான்னு பாத்துட்டிருந்தேன்," என்றாள்.

"சொல்லியிருக்கலாமே!"

"ரொம்ப சந்தோசமா இருந்தியே."

கத்தரிக்கோலை எடுத்து, விரலால் தடவித் தடவியே நாற்பது கட்டுகளையும் வெட்டி, பசையிலிருந்து பட்டையை மெல்ல உரித்தெடுத்தாள். பழைய ஜீன்ஸ் துணியில் வளையங்கள் நறுக்கி, தையல் இயந்திரத்தில் கூடாரத்தோடு சேர்த்துத் தைத்தாள். விளக்கைத் தனியாக எடுத்துப் போய், கூடாரத்தை விரித்த பிறகு வளையங்களில் கோத்துக்கொள்ளலாம். ஒரு மணி நேர வேலை.

"எந்த வளையத்துல எது வரும்னு ஞாபகம் இருக்குமா உனக்கு?"

ஹார்லன் வளையங்களைப் பார்த்தார். எட்டே எட்டு வளையங்கள்.

"இல்ல," என்றார்.

"தெரியும். தப்பா மாட்டிட்டு வந்து நிப்பே. நானே வர்றேன்."

டெல்மர் வாயைத் திறந்தார். முப்பது வருடமாகக் கிடைக்காத ஞானம் அந்த ஒரு நொடியில் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும்; மூடிக்கொண்டார். இதற்காகவே அவரைக் கதையில் வைத்துக்கொள்கிறேன்.

6.

லவோனுக்கு எல்லாம் தெரியுமா? வாசலின் எதற்கென்று புரிந்ததா? அவள் மனதுக்குள் நுழைய மூன்று பத்தி எழுதினேன். "லவோன் நினைத்துக்கொண்டாள்" என்று தொடங்கும் ஒவ்வொரு வாக்கியத்தையும் அவள் "ம்" என்று சொல்லி முடித்துவிட்டாள். ஹார்லனுக்குத் தெரிந்த அளவுதான் எனக்கும் தெரியும். அவருக்கு ஒன்றும் தெரியாது.

7.

சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி, பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபத்து மூன்று. துளை போட்டாயிற்று. அடுப்பை இன்னும் பற்ற வைக்கவில்லை. லவோன் விளக்குகளை மாட்டிவிட்டு, இரண்டு வெள்ளைக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் ஜாஸ்தியா இல்ல? ஆபரேசன் தியேட்டர் மாதிரி இருக்கு."

"கொறைக்கவா?"

"இருக்கட்டும்."

கையுறையைக் கழற்றி நூலை எடுத்தாள். முதல் தடவையே கோத்தாள். ஐந்து சுற்று, மடிப்பில் நுழைத்து, எச்சில் தொட்டு, இழுத்து இறுக்கினாள். தூண்டிலை எட்டி நீட்டி, எதிர்ச் சுவரோரம் இருந்த ஹார்லன் கையில் கொடுத்தாள்.

இங்கே என் பேனா நின்றுவிட்டது. முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

(அ) விளக்கு ஒன்று வளையம் நழுவித் துளைக்குள் விழுகிறது. தண்ணீர் ஒளிர்கிறது. அந்த வெளிச்சத்தில் பெரிய மீன் ஒன்று வர, இருவரும் கைகோத்துக்கொண்டு (அடித்தாயிற்று. எனக்கே கூசியது.)

(ஆ) "போன வருசம் நீ என் முடிச்ச அவுத்தத நான் பாத்தேன்," என்கிறாள் லவோன். ஹார்லன் மன்னிப்புக் கேட்கிறார். (இந்த ஊர்க்காரர்கள் இதைப் பேசுவதற்குப் பதில் துளைக்குள் குதித்துவிடுவார்கள்.)

(இ) டெல்மர் உள்ளே வந்து (வேண்டாம். அவருக்கு நேற்றோடு வேலை முடிந்தது.)

மிச்சம் இருப்பது இதுதான். முடிச்சு விழுந்ததும் ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீரில் விடுவது வழக்கம். எல்லோரும் செய்வார்கள். ஹார்லன் தானே முடிந்ததைக்கூட இழுத்துப் பார்ப்பார். அதில் ஒரு தப்பும் இல்லை, போன வருடம் என்று ஒன்று இல்லாதிருந்தால். இழுத்தால் அது சோதனை. இழுக்காமல் விட்டால், முடிச்சு உருவிக்கொண்டு மீன் போனால், சுருண்ட நுனி மேலே வரும். இந்த வெளிச்சத்தில் அதை அவளிடமிருந்து மறைக்க முடியாது. அவ்வளவு நல்ல விளக்கு வாங்கியிருக்கிறார்.

இழுக்கவில்லை என்று எழுதினேன், கோழையின் கருணை போல இருந்தது. இழுத்தார், முடிச்சு நின்றது என்று எழுதினேன். நின்றது முடிச்சு மட்டும்தானே என்று தோன்றியது. இரண்டு தாளும் மேசையில் கிடக்கின்றன.

ஹார்லனின் விரல்களுக்கு நடுவே நூல் இருக்கிறது. லவோன் பிளாஸ்கின் மூடியைத் திருகிக்கொண்டிருக்கிறாள். பார்க்காதவள் மாதிரிதான் இருக்கிறாள், ஆனால் அவர் எட்டடி தள்ளி உட்கார்ந்திருக்கிறார்.

என்னால் ஆகவில்லை. நீங்கள் சொல்லுங்கள், அவர் என்ன செய்ய வேண்டும்? கொஞ்சம் சீக்கிரம். துளையில் மறுபடி பனி கட்ட ஆரம்பித்துவிட்டது.