தள்ளிப்போன கடைசி வீடு

மக்காச்சோளம் மூட்டை ஐந்நூறு லெம்பிராவுக்கு விற்ற வருடத்தில்தான் டொமிங்காவின் வீடு தினமும் நாற்பதடி வீதம் ஒகோட்டல் ஊரைவிட்டு விலகத் தொடங்கியது. கோழிக்கூண்டு, கொய்யா மரம், கழுதை எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு சத்தமில்லாமல் மலைச்சரிவில் போனது. தண்ணீர்க் குழாயும் கூடவே நீண்டது. எங்கள் குடிநீர்க் குழு வாங்காத குழாய் அது என்பதால் விசாரிக்காமல் விட்டுவிட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வீடு நகரவில்லை. பூசைக்கு மரியாதை என்று நினைத்துக்கொண்டோம்.

ஞாயிறு எங்கள் குழாய்க்காரன் எலியோடோரோவுக்கு விடுமுறை என்பது யாருக்கும் தோன்றவில்லை. தொட்டியில் குளோரின் போடுவதும், கடைசி வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்து மாத்திரை போட்டுப் பார்ப்பதும் அவன் வேலை. தண்ணீர் ரோஸ் நிறமானால் மருந்து கடைசிவரை வந்திருக்கிறது, ஆகாவிட்டால் இல்லை. கடைசி வீடு அவன் தங்கை டொமிங்காவுடையது. அப்பாவின் கழுதை யாருக்கு என்ற சண்டையில் இருவருக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. ஆகவே தொட்டியை ஒட்டிய வீட்டில், அங்கே காப்பியும் கிடைக்கும் என்பதால், சோதித்துவிட்டு, 'கடைசி வீடு: 0.5' என்று, அதாவது மருந்து சரியான அளவில் இருப்பதாக, நோட்டில் எழுதிவந்தான். எழுதிய ஒவ்வொரு நாளும் வீடு நாற்பதடி போயிற்று. மூன்று வருடம். ஊருக்கே குளோரின் வந்து சேராத நாற்பது நாட்களிலும் 0.5தான். சோதனைக்கு வந்த அதிகாரி அந்த ஒழுங்கைப் பார்த்து நெகிழ்ந்து பாராட்டுப் பத்திரம் கொடுத்தார். நோட்டின் பக்கம்தோறும் குழுவினர் கையெழுத்து இருக்கிறது. உள்ளதில் என்னுடையதுதான் அழகு.

ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில் புறப்பட்ட டொமிங்கா, கைக்குழந்தை நோல்வியாவைத் துணியில் கட்டிக்கொண்டு மதியம் ஊர் வந்து சேர்ந்தாள். பத்து நாளாக வயிற்றுப்போக்கு. குழந்தை அழுவதை நிறுத்தியிருந்தது.

"உன் நோட்டுல என் வீட்டுத் தண்ணி எப்படிண்ணே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. பாயின்ட் அஞ்சு."

"அப்போ அந்த நோட்டையே கரைச்சுப் புள்ளைக்குக் குடுக்கட்டுமா?"

அவன் நோட்டை மூடினான். குழந்தை ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தது. பிழைத்தது. தலைமுடி மட்டும் உதிர்ந்துவிட்டது.

மறுவாரம் எலியோடோரோ மாத்திரைகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஐந்து மணி நேரம் நடந்தான். கடைசி வீட்டில் தண்ணீர் பிடித்து மாத்திரை போட்டான். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. '0.0' என்று எழுதினான். அன்று வீடு நகரவில்லை. திரும்பியும் வரவில்லை. தினமும் நடந்தான்; தினமும் 0.0. அதற்குள் டொமிங்கா தண்ணீரைக் காய்ச்சிக் கொடுக்கப் பழகியிருந்தாள். பாதி வழியில் ஒரு சின்னத் தொட்டி கட்டி அங்கேயும் குளோரின் போடலாம் என்று நாங்கள் முடிவெடுக்க எட்டு மாதம் ஆயிற்று. கூட்டம் போட ஆள் சேர வேண்டுமே.

தொட்டி முடிந்த மூன்றாம் நாள் குழாய்த் தண்ணீர் மெல்லிய ரோஸ் நிறமாயிற்று. அவன் அதை வெயிலில் தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்தான். டொமிங்கா கழுதையை அவிழ்த்துவந்து கயிற்றை அவன் கையில் கொடுத்தாள்.

"இதுல போ. நாளைக்கும் வரணும்ல."

வீடு இன்றும் அங்கேதான் இருக்கிறது. ஊர் வரைபடத்தில் காகிதம் போதாமல் அதைக் குழு அறைச் சுவரில் வரைந்திருக்கிறோம், பாராட்டுப் பத்திரத்தைக் கழற்றிய இடத்தில்.