எல்லைக்கோட்டில் இருந்த விடை

யாரெலியின் அம்மா புவேப்லாவிலிருந்து காலை பஸ்ஸில் ஒரு பானை மோலேக் குழம்போடு வந்து இறங்கியிருந்தாள். மகள் டாக்டராகப் போகிறாளாம்! எங்கள் மெக்ஸிகோ நகரத்தில் இப்படித்தான், தேர்வு முடியுமுன்பே விருந்து வந்துவிடும். எனக்கு அந்த வழக்கத்தைக் கண்டாலே எரிச்சல்.

நான் மிரேயா, டாக்டர் பட்டத் தேர்வுக் குழுவின் மூவரில் ஒருத்தி. யாரெலிக்கு இது இரண்டாவது வாய்ப்பு. இதிலும் தேறாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஒரு பாலம் கட்டினால் அதன் எடையும் குறைய வேண்டும், உறுதியும் கூட வேண்டும். இப்படி ஒன்றோடொன்று மல்லுக்கட்டும் குறிக்கோள்களுக்கு, விடைகளைத் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கி, தேறியதை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துக்கட்டும் கணினி நிரல்கள் உண்டு. அவற்றுக்கு எந்தக் கணக்கு கடினம், எது எளிது, ஏன்? அதுதான் அவள் ஆய்வு. பன்னிரண்டு சோதனைக் கணக்குகளில் பதினொன்று எளிது என்றது அவள் அளவுகோல்.

சொல்லாமல் என்ன செய்யும்? கணக்கு அனுமதிக்கும் எல்லையைத் தாண்டும் விடையைப் பிடித்திழுத்து எல்லைக்கோட்டின் மேலேயே உட்காரவைக்கும் ஒரு வரி அவள் ஓட்டிய நிரலில் இருக்கிறது. அந்தப் பதினொன்றுக்கும் சரியான விடை அதே கோட்டில்தான். கண்ணை மூடிக்கொண்டு விழுந்தாலும் விடைமேல்தான் விழும். ஒன்பது வருஷத்துக்கு முன் அந்த வரியை எழுதியவள் நான். என் டாக்டர் பட்டமும் அதன்மேல்தான் நிற்கிறது. இந்தக் கோளாறைப் போன வருஷமே கண்டுபிடித்துவிட்டேன். வாயைத் திறந்தால் என் பிழைப்பு போகும், திறக்கவில்லை.

குழுத்தலைவர் அன்செல்மோ பொல்லாத கிழவர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"விடையைக் கோட்டுலேர்ந்து கொஞ்சம் உள்ள தள்ளி வச்சு ஓட்டிக் காட்டும்மா, பாப்போம்."

ஓட்டினாள். பதினொன்றும் படுத்துவிட்டன.

"என்னம்மா இது? கணக்கு சுலபமா, இல்ல உன் ப்ரோக்ராம் காப்பியடிக்குதா?"

"இது எங்க லேப்ல எல்லாரும் வச்சிருக்கறது டாக்டர். நான் எழுதலை."

உதவிக்கு என்னைப் பார்த்தாள், பாவம்.

"யாரோ எழுதினதைச் சரிபாக்காம உன் பேரைப் போட்டுக்கறதுக்குப் பேரு ஆராய்ச்சியா?" என்றேன். என் குரல் நடுங்கவே இல்லை.

மூவரும் 'தேறவில்லை' என்றே எழுதினோம். முதலில் எழுதியது நான்.

மற்ற இருவரும் போனபின் யாரெலி மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். அந்த வரிக்குப் பக்கத்தில் என் பெயரும் தேதியும் இருந்தன.

"நீங்க சொல்லியிருக்கலாமே டாக்டர்."

"நீ பாத்திருக்கலாமே."

தாழ்வாரத்தில் அவள் அம்மா பானையைத் திறந்துவைத்துக் காத்திருந்தாள். இருப்பதிலேயே பெரிய வான்கோழித் துண்டாகத் தேடி என் தட்டில் வைத்தாள்.

"எப்பப் பாரு உங்க பேச்சுதான் டாக்டரம்மா. ப்ரோக்ராம் எழுதக் கத்துக்குடுத்ததே நீங்கதானாமே! நீங்க நல்லாயிருக்கணும். சொல்லுங்க, எம்பொண்ணு டாக்டராயிட்டாதானே?"

யாரெலி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவளையே கேளுங்கம்மா" என்று சொல்லிவிட்டு, தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டேன்.