கை அசைந்தால் ஓடும் வாட்ச்

கண்ணாடிக்காரருக்குக் கைக்கடிகாரப் பைத்தியம். கீழே மூக்குக்கண்ணாடிக் கடை, மேலே வீடு. கடையில் ஊரார் கண்ணுக்குப் பவர் பார்ப்பார். மாடி ஏறிவிட்டால் தன் கண்ணில் ஒரு லென்ஸை இடுக்கிக்கொண்டு பழைய வாட்ச் ஒன்றுக்குள் இறங்கிவிடுவார். பேட்டரி போட்டதைக் கையாலும் தொட மாட்டார். சாவி கொடுத்தால்தான் ஓட வேண்டும், காதில் வைத்தால் மூச்சு கேட்க வேண்டும். இத்தனை வைத்திருந்தும் ஒன்றில்கூட மணியைச் சரியாக வைக்க மாட்டார், அது தனிக்கூத்து. ஓடுவதைக் கேட்கத்தானே வைத்திருக்கிறேன், மணி பார்க்கவா என்பார். படுக்கையறைக் கண்ணாடி அலமாரிக்குள் அவை ஆளுக்கொரு நேரம் காட்டிக்கொண்டு ஓடும். மதியம் கண்ணயரும்போது அந்தச் சத்தம் எங்கோ கூரையில் தூறல் விழுவதுபோலக் கேட்கும்.

"உங்க சக்களத்திங்கள்ல ஒருத்திக்காவது மணி சொல்லத் தெரியுதா?" என்பாள் மனைவி. ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவள், பத்து விரலும் பறக்கும். அதனால் வீட்டில் அவளுக்கு டைப்பு என்றே பெயர் ஆகிவிட்டது. அவர் வாட்சைத் திறந்து வைத்து விளக்க ஆரம்பித்தால் வாய்கொள்ளாமல் கொட்டாவி விடுவாள்.

அந்த டைப்புக்குத்தான் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. படுக்கையில் சாய்ந்து உட்காரும் அளவுக்குத் தேறினாள். கை மட்டும் தலையணைமேல் வைத்தது வைத்தபடி கிடந்தது. அதைவிட மோசம், அவள் பேச்சே குறைந்துபோனது. கிண்டல் போச்சு. என்ன கிழமை, மணி என்ன என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. பயிற்சி கொடுக்க வரும் பெண், "நல்ல கையால அந்தக் கையைப் பிடிச்சு ஆட்டிக்கிட்டே இருங்கம்மா, அது போதும்" என்று கெஞ்சிப் பார்த்தாள். டைப்பு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். "என்ன செய்யறது, உங்களுக்கு நேரம் சரியில்ல."

கண்ணாடிக்காரருக்கு ஒரு யோசனை வந்தது. அலமாரியில் ஓர் ஆட்டோமேட்டிக் வாட்ச் இருந்தது. திருகினால் முள் நகருமே தவிர, சாவி ஏறாது. உள்ளே அரைவட்டமாக ஓர் எடை; கை அசைய அசைய அது சுழன்று தானே சாவி கொடுத்துக்கொள்ளும். கை சும்மா கிடந்தால் நின்றுவிடும். அதை எடுத்து அவள் இடது மணிக்கட்டில் கட்டினார்.

"இது என்னத்துக்கு?"

"சும்மா, துணைக்கு."

வாட்ச் ஓடினால் கை அசைந்தது என்று அர்த்தம். ஆறுதலுக்கு மனிதர்கள் பொய் சொல்வார்கள், வாட்ச் சொல்லாது. அவர் போட்ட கணக்கு இவ்வளவுதான். கை வந்துவிட்டால் பழைய டைப்பு வந்துவிடுவாள் என்று மனிதர் நம்பிக்கொண்டிருந்தார்.

தினமும் கடை திறக்கப் போகுமுன் கட்டிலருகே மண்டியிடுவார். கையைத் தூக்கினால் அந்த அசைவிலேயே ஓட ஆரம்பித்துவிடும், அதனால் காதைக் கொண்டுபோய் மணிக்கட்டில் வைப்பார். சத்தம் இருக்காது. முகம் தொங்கிப்போகும். அன்று கடையில் ஒருவர் ஃப்ரேமில் இன்னொருவர் லென்ஸ் ஏறிவிடும்.

அப்புறம் ஒரு காலை, ஓடிக்கொண்டிருந்தது. மறுநாளும் ஓடியது. பயிற்சிப் பெண்ணைப் படியிலேயே மடக்கிச் சொன்னார். அவள் விரல் விரலாகத் தொட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"அசைவு எதுவும் தெரியலையே சார்."

"உனக்குத் தெரியலம்மா. வாட்ச் பொய் சொல்லாது."

அன்று கடையில் பாடிக்கொண்டே திருகாணி முடுக்கினார்.

ஒரு மதியம் கடையைச் சாத்திவிட்டு வந்து கட்டிலருகே நாற்காலியில் சாய்ந்தார். மஞ்சள் திரைக்குள் வடிகட்டி வந்த வெயிலில் அறையே மிதந்துகொண்டிருந்தது. அலமாரிக்குள் தூறல். பாதித் தூக்கத்தில் அந்தத் தூறல் டைப்ரைட்டர் சத்தமாயிற்று. அவள் எங்கோ உட்கார்ந்து முடிவில்லாத ஒரு கடிதத்தை அடித்துக்கொண்டே போகிறாள், ஒவ்வொரு வரி முடியும்போதும் சின்ன மணி ஒன்று அடிக்கிறது. அதற்குள் வேறொரு சத்தம் நுழைந்தது. சர், சர் என்று ஓர் எடை சுழலும் சத்தம். அவருக்குத் தெரியாத சத்தமா? கண்ணைத் திறந்தார்.

டைப்பு வலது கையால் இடது கையை மடிமேல் எடுத்துப் போட்டு, குழந்தையைத் தூங்கவைப்பதுபோல ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அவருக்குப் பகீரென்றது. அப்படியானால் கை வரவில்லை. வரவே இல்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவள் பார்த்துவிட்டாள். ஆட்டுவதை நிறுத்தவில்லை.

"பாத்துட்டீங்களா."

"ஏன் டைப்பு?"

"காலைல காதை வெச்சுக் கேட்டுட்டு ஒரு மூஞ்சி வெப்பீங்களே, அதைப் பாக்க சகிக்கல. இது நின்னா நீங்களும் நின்னுபோயிடறீங்க."

"அசைஞ்சாத்தான் ஓடும்னு உனக்கு யாரு சொன்னா?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து என் காதுல வேற என்னத்தை ஓதினீங்க? கொட்டாவி விட்டா கேக்கலன்னு அர்த்தமா?"

அவள் இவ்வளவு நீளமாகப் பேசி எத்தனை காலமாயிற்று. பயிற்சிப் பெண் கெஞ்சிக் கேட்டும் செய்யாததை, இந்தத் தொங்கிப்போன மூஞ்சிக்காகச் செய்திருக்கிறாள். கண்ணாடிக்காரருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்தக் கைக்கு அடியில் தன் கையையும் கொடுத்தார். இருவருமாக ஆட்டினார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் டயலை உற்றுப் பார்த்தாள்.

"ஏங்க, நேரம் சரியில்ல."

"அதான் வர்றவங்க எல்லாரும் சொல்லிட்டுப் போறாங்களே."

"அட, இந்த வாட்சுல நேரம் சரியில்லங்கறேன். நான் அசந்தா நிக்குது, ஆட்டினா ஓடுது. கட்டிக்கிட்டு இருக்கிறது நான். ஒழுங்கா வெச்சுக் குடுங்க. இப்ப மணி என்ன?"

மணி என்ன என்று கேட்டுவிட்டாள். கண்ணாடிக்காரர் அவசர அவசரமாக வாட்சின் பக்கவாட்டுத் திருகை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு அலமாரியைப் பார்த்தார். ஒன்று பத்து என்றது, ஒன்று ஏழரை என்றது, இன்னொன்று பன்னிரண்டில் நின்று முறைத்தது. போன் கீழே கடையில் கிடந்தது. திருதிருவென்று விழித்தார்.

"தெரியலையே," என்றார்.

டைப்பு சிரித்தாள். ஒரு பக்கம் கோணிய சிரிப்பு, ஆனால் பழைய சிரிப்பு.

"போங்க, தெருவுல யாரையாவது கேட்டுட்டு வாங்க. நான் இருக்கேன்."

அவர் செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கி ஓடினார்.