சின்ன டிரம்

ஸ்விட்சைப் போட்டு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, வீட்டுக்குள்ளிருந்து கத்தல் கேட்டது. சாரதா கராஜிலிருந்து ஓடினாள். அவள் கணவர் திருமூர்த்தி சோபாவில் உட்கார்ந்து இடது கையால் இடது காதைப் பொத்திக்கொண்டிருந்தார். வலது காதைப் பொத்த வலது கை எழவில்லை.

"சரி! சரி! சரி!" என்று கத்தினார்.

பதினான்கு மாதங்களுக்கு முன் வந்த ஸ்ட்ரோக் அவரிடம் விட்டுவைத்திருந்த ஒரே வார்த்தை அது. பசிக்கும் அதுதான், வலிக்கும் அதுதான், வேண்டாம் என்பதற்கும் அதுதான். எந்தச் 'சரி' எதைச் சொல்கிறது என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்த முறை கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. அவள் திரும்ப ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தாள்.

அது டம்ப்ளர். காபி குடிக்கிற டம்ளர் அல்ல. சுட்டு முடித்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளைச் சுத்தம் செய்கிற இயந்திரம். அரைத்த வால்நட் ஓட்டுக்குள் கூடுகளைப் போட்டு மணிக்கணக்கில் குலுக்கும். கூடு பளபளப்பானதும் மறுபடி மருந்தும் குண்டும் வைத்துப் புதுத் தோட்டாவாக்கலாம். முன்பெல்லாம் இது ஓடும்போது திருமூர்த்தி பக்கத்திலேயே நாற்காலி போட்டுக்கொண்டு பேப்பர் படிப்பார். இப்போது மிக்ஸி சத்தம்கூட அவருக்கு ஆவதில்லை.

சுடுவது சாரதாதான். ஆறு வருஷத்துக்கு முன் ஆபீஸ் டீமோடு துப்பாக்கி சுடும் ஒரு ரேஞ்சுக்குப் போனபோது, அவள் சுட்டதெல்லாம் அட்டையின் நடுவில் போய் விழுந்தது. பொள்ளாச்சியிலிருந்து அமெரிக்கா வந்தவளுக்கு இது எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே ஆச்சரியம். அதன்பிறகு மாதம் ஒரு ஞாயிறு பிஸ்டல் போட்டிக்குப் போனாள். கடைத் தோட்டா உதைத்த உதையில் மணிக்கட்டு வீங்கியபோது, திருமூர்த்தி மெனக்கெட்டுப் படித்து, மெல்ல உதைக்கிற மாதிரி அவளுக்கென்று தோட்டா செய்து கொடுத்தார். அவர் ஒரு நாளும் சுட்டதில்லை. செய்வதுதான் அவருக்குப் பிடித்திருந்தது. ஸ்ட்ரோக் வருவதற்கு முன் அவர் செய்து அடுக்கிய பெட்டிகளில் கடைசிப் பெட்டி போன மாதம் தீர்ந்தது. கராஜில் இரண்டு சின்ன வாளி நிறையக் கறுத்த கூடுகள் மிச்சமிருந்தன.

அன்று மதியம் மகள் ஓவியா கலிஃபோர்னியாவிலிருந்து கூப்பிட்டாள். சாரதா டம்ப்ளர் விஷயத்தைச் சொன்னாள்.

"அம்மா, ஜஸ்ட் பை த புல்லட்ஸ். ஒய் ஆர் யூ டூயிங் திஸ்?"

"கடைல வாங்கறது கை வலிக்குது கண்ணு."

"தென் ஸ்டாப் ஃபார் எ வைல். யூ ஸவுண்ட் ஸோ டயர்ட்."

சோர்வாகத்தான் இருந்தது. காலையில் ஐந்தரைக்கு எழுந்து அவரைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, பகல்நேர நர்ஸ் வந்ததும் லெகஸி பகுதியில் இருக்கும் ஆபீசுக்கு டிரைவ் பண்ணி, சாயங்காலம் தெரபி, அப்புறம் சமையல். போட்டி நடக்கும் அந்த ஒரு ஞாயிறு மட்டும் பக்கத்துத் தெரு பர்வதம் ஆன்ட்டி வந்து அவருக்குத் துணையாக உட்காருவார். ரேஞ்சில் காதுக்கு மூடி போட்டு நின்றால், ஒரு மணி நேரம் யாரும் அவளிடம் எதுவும் கேட்க மாட்டார்கள். இதை ஓவியாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "சரி, பாக்கலாம்" என்று போனை வைத்தாள்.

தண்ணீரில் கழுவுகிற டம்ப்ளர் இவ்வளவு சத்தம் போடாது என்று சந்தானம் சொன்னார். ரேஞ்சில் பழக்கமானவர், பக்கத்து ஊரான இர்விங்கில் வீடு. அடுத்த வாரம் தன் கராஜுக்குக் கூப்பிட்டுக் காட்டினார்.

"டிரை டம்ப்ளரைத் தூக்கிப் போடுங்க சாரதா. சத்தம் ஒரு பக்கம், தூசி ஒரு பக்கம். அந்தத் தூசில லெட் இருக்கு, ஈய விஷம். நீங்க வேற கராஜ்லதான் சாருக்கு எக்ஸர்ஸைஸ் பண்ண வைக்கறீங்க. இது பாருங்க, தண்ணி, ரெண்டு சொட்டு டிஷ் சோப், கொஞ்சம் சிட்ரிக் ஆசிட், குட்டிக் குட்டியா ஸ்டீல் கம்பி. ஒரே ரவுண்ட்ல அறுநூறு கூடு. பெரிசாவே வாங்கிடுங்க."

"தூக்கிப் பாக்கட்டுங்களா?"

டிரம் நிறைந்திருந்தது. அது கிடந்து சுற்றும் உருளைகள் மேலிருந்து ஒரு விரல்கடை தூக்கியதும் வலது தோளில் சுருக்கென்றது. ஒரு வருஷமாக அவரைப் படுக்கையிலிருந்து தூக்கித் தூக்கி இறுகிப்போன தோள். டக்கென்று வைத்துவிட்டாள்.

"நீங்க ஏங்க தூக்கறீங்க, இதெல்லாம் சார்…" என்று ஆரம்பித்த சந்தானம் அதோடு நிறுத்திக்கொண்டார். பிறகு, காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார்.

வியாழக்கிழமை தெரபி முடிந்து திரும்பும்போது, டோல்வே சாலை ஓரம் இருந்த துப்பாக்கிக் கடையில் சாரதா காரை நிறுத்தினாள். அவரைக் காரில் தனியாக விட முடியாது. இறக்கி, கைத்தடியைக் கொடுத்து, கதவைத் தோளால் தள்ளித் திறந்து உள்ளே போக ஐந்து நிமிடம் ஆயிற்று.

கடைப் பையன் இரண்டு டம்ப்ளர்களை மேசைமேல் எடுத்து வைத்தான். ஒன்று சந்தானத்திடம் இருந்தது போலப் பெரியது. இன்னொன்றில் சின்ன டிரம். நூற்றைம்பது கூடுகூடப் பிடிக்காது. ஒரு தடவைக்கு மூன்று மணி நேரம் ஓட வேண்டும்.

திருமூர்த்தியின் முகம் மாறியிருந்தது. பெரியதன் மோட்டாரைக் குனிந்து பார்த்தார். பெல்ட்டை விரலால் அமுக்கினார். உருளையைச் சுற்றிவிட்டு எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று கவனித்தார். ஒரு ரைஸ் குக்கர் வாங்கவே எட்டு மாடலைப் பட்டியல் போட்டு ஒப்பிட்ட மனிதர். இந்த முகத்தை அவள் பார்த்துப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

"சரி" என்றார், பெரியதைத் தட்டி.

"சின்னது போதுங்க நமக்கு."

"சரி, சரி." தலையை ஆட்டி மறுத்தார். பெரிய டிரம்மை இடது கையால் கட்டிப்பிடித்துக்கொண்டார். தடி நழுவிக் கீழே விழுந்தது. கடைப் பையன் எடுத்துக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டான்.

அவர் மனதில் அந்த டிரம்மைத் தூக்கப்போவது அவரேதான் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. வாங்கிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். வாங்கினால் அது கராஜில் சும்மா கிடக்கும். தினமும் அவர் அதைப் பார்ப்பார்.

"ஏனுங்க," என்றாள் மெதுவாக. "இனிமேல் இதத் தூக்கறது நானுங்க. என்னால இது முடியாது."

அவர் அவளைப் பார்த்தார். அவள் தோளைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார்.

"சரி" என்றார். அவருக்கே கேட்டிருக்குமோ என்னவோ. வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

சனிக்கிழமை காலை சின்ன டிரம்மை ஓடவிட்டாள். பாத்திரம் கழுவுகிற இயந்திரம் பக்கத்து வீட்டில் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். அவர் காதைப் பொத்தவில்லை. மூன்று மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தாள். தண்ணீர் மை மாதிரி இருந்தது. அலசி, கம்பிகளைச் சலித்து, கூடுகளைப் பழைய துண்டில் பரப்பிக் கொல்லைப்புறத்து வெயிலில் வைத்தாள். அந்த வெயிலில் அரை மணியில் காய்ந்துவிட்டன. அத்தனையும் புதுசு போல மின்னின. அவளுக்கோ இடுப்பு விட்டுப்போயிற்று.

ஒவ்வொன்றையும் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கம்பி சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடது கைக்கு வேலையாக இருக்கட்டும் என்று தட்டை அவர் முன் வைத்தாள். அவர் ஒன்றை எடுத்தார், தட்டினார், கண்ணருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார், டப்பாவில் போட்டார். அடுத்ததை எடுத்தார். ஒன்றுக்கு ஒரு நிமிடம். அவள் மடித்துவைக்கத் துணிகள் ஒரு கூடை இருந்தன, மாவு அரைக்க வேண்டியிருந்தது, திங்கட்கிழமைக்கான ரிப்போர்ட் இருந்தது.

ஆறாவதைத் தரையில் போட்டார். அவள் எடுத்து டப்பாவில் போட்டாள். சற்று நேரத்தில் இன்னொன்று. பிறகு மேலும் இரண்டு.

"எதுக்குங்க கீழ போடறீங்க? குனிஞ்சு குனிஞ்சு எனக்கு முடியலீங்க."

"சரி!" என்று மேசையை அறைந்தார். இன்னொன்றை எடுத்து வேண்டுமென்றே தரையில் போட்டார்.

அவளுக்கு அழுகை முட்டியது. குனிந்து எடுத்தாள். டப்பாவில் போடப் போனவள், அவர் தன் விரலால் எதையோ கோடு இழுத்துக் காட்டுவதைப் பார்த்து நின்றாள். கூட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். வாயிலிருந்து கீழ்நோக்கி ஒரு மயிரிழை விரிசல். அழுக்கு போனதால்தான் தெரிந்தது. அந்தக் கூட்டில் மறுபடி தோட்டா செய்யக் கூடாது.

"மத்த நாலும் இதே மாதிரியாங்க?"

அவர் டப்பாவை விரலால் தட்டினார். அந்த நான்கையும் அவளே நல்லவற்றோடு கலந்துவிட்டிருந்தாள். டப்பாவை அப்படியே தட்டில் கவிழ்த்தாள்.

"மன்னிச்சுக்கோங்க. மொதல்ல இருந்து பாருங்க."

அவளும் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். துணி கூடையிலேயே கிடந்தது. அவர் பார்த்து முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. பதினொன்று தேறவில்லை.

இரண்டு வாளியும் தீர நான்கு சனிக்கிழமை பிடித்தது. அவள் கழுவினாள், அவர் பார்த்தார். வெடிமருந்து அளப்பதை, அவர் முன்பு எழுதிவைத்திருந்த நோட்டைப் பார்த்து அவள் செய்தாள். தராசின் முள் நிற்கும்வரை அவள் கையை வைக்கவிடாமல் அவர் பிடித்துக்கொண்டார். அந்த மாதப் போட்டியில் பதினாறு பேரில் ஒன்பதாவதாக வந்தாள். மணிக்கட்டு வலிக்கவில்லை.

ஐந்தாவது சனிக்கிழமை அவள் இயந்திரத்தைத் தொடவில்லை. சோறும் ரசமும் சாப்பிட்டுவிட்டு இருவரும் மூன்று மணிவரை தூங்கினார்கள்.