அலறாத சோதனைப் பதிப்பு

1.
இந்தக் கதை என்னுடையது இல்லை. குருபோங் தொழிற்சாலையில் என்னோடு இரவு ஷிப்ட் பார்த்த தனேஷுடையது. நான் வேலையைப் பாதியில் விட்டேன், அவன் விடவில்லை. மருத்துவமனை வராந்தாவில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதல் தொடக்கம்: தனேஷின் ஊரான ரெம்பியாவில் அன்று மழை
(வேண்டாம். மழையே பெய்யவில்லை.)

2.
தனேஷின் அப்பா மாயாண்டிக்கு இனிப்பு நீர் நோய். கையில் ஒட்டிய சென்சார் சர்க்கரை அளவைக் கைபேசிக்கு அனுப்பும். அளவு இறங்கினால் கைபேசி அலறும். அதற்கான செயலி தனேஷின் பழைய கைபேசியில் ஓடவில்லை. சோதனைப் பதிப்பு மட்டும் ஓடியது. ‘இதை நம்பியிருக்க வேண்டாம், உதவி கிடைக்காது’ என்று முதல் திரையிலேயே போட்டிருந்தார்கள். தனேஷ் சம்மதம் என்று அழுத்தினான். நீங்களும் அழுத்தியிருப்பீர்கள்.

சில மாதங்கள் சரியாக அலறியது. அதுதான் கெடுதல்.

3.
மாயாண்டியை முட்டாளாக எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை. மாரியம்மன் கோயிலுக்குக் காவடி நேர்ந்திருந்தார். விரதம் கூடாதென்று போன வருடம் டாக்டர் தடுத்துவிட்டார். இந்த வருடம் அவர் டாக்டரைக் கேட்கவில்லை.

“ஒரு வேளைதான் சாப்பாடு. ஊசி வேற போடுறீங்க. மயங்கி விழுந்தா?” என்றார் அவர் மனைவி புனிதா.

“அதான் போன் கத்தும்லா. உன்னைவிட நல்லா கத்தும்.”

“கத்தலைன்னா?”

“டேய் தனேஷ், கத்துமா கத்தாதாடா?”

“கத்தும்ப்பா.”

4.
இன்று காலை இரவு ஷிப்ட் முடிந்து வந்த தனேஷ் கைபேசியைத் தலையணையருகே வைத்துத் தூங்கினான். புதிய பதிப்பு தானாக ஏறியிருந்தது. அளவு இறங்கியதும் திரை சிவந்தது. சத்தம் வரவில்லை.*

பசாருக்குக் காய்கறி வாங்கப் போயிருந்த புனிதா திரும்பியபோது மாயாண்டி கூடத்தில்

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. அவர் இன்னும் கண் திறக்கவில்லை. கண் திறந்து காவடியைக் கேட்பதாக ஒரு முடிவு வைத்திருக்கிறேன். திறந்தும் மகனை அடையாளம் தெரியாததாக இன்னொன்று. மூன்றாவதை எழுதிக் கிழித்துவிட்டேன்.)

* செயலி செய்தவர்கள் பொய் சொல்லவில்லை. வேலை செய்யாமல் போகலாம் என்றார்கள். போனது.

5.
சற்றுமுன் தனேஷ் செயலியைத் திறந்தான். புகார் சொல்ல இரண்டு கட்டங்கள். எதிர்பார்த்தது என்ன? நடந்தது என்ன?

“நீதான் எழுதுறவனாச்சே. அடிச்சுக் கொடுடா.”

முதல் கட்டத்தில் ‘அப்பாவுக்காக அலறும் என்று’ அடித்தேன். அதற்குள் புனிதா வார்டு கதவருகே வந்து நின்றார்.

“தனேஷ், டாக்டர் கூப்பிடுறாரு.”

கைபேசியை என் கையிலேயே விட்டுவிட்டுப் போனான். இன்னும் வரவில்லை. அவன் வருவதற்குள் நிறுத்திக்கொள்கிறேன். இரண்டாவது கட்டம் காலியாக இருக்கிறது. என்னால் முடியாது, நீங்கள் அடியுங்கள்.